புதிய குறிக்கு எங்கே இடம்? கண்டி இலக்கங்களும் கணினியின் எழுத்துத் தொகுதியும்

1815 மார்ச் 2ஆம் திகதியக் கண்டி உடன்படிக்கையின் ஆங்கில வாசகங்கள் அரபு இலக்கங்களாலும், சிங்கள வாசகங்கள் ‘சிங்கள இலக்கம்’ எனும் பழைய குறிகளாலும் எண்ணிடப்பட்டுள்ளன. இராச்சியத்தின் வீழ்ச்சியோடு அக்குறிகள் நிருவாகத்திலிருந்து மறைந்தன. பஞ்சாங்கமும் சாதகமும் கணித்தோர் கையாண்ட ‘லித் இலக்கம்’ மட்டும் இருபதாம் நூற்றாண்டிலும் வழங்கிற்று. அரசு அழிய அதன் எண்கள் வழக்கிறந்தன. சோதிடத் தொழில் நிலைத்தமையால் அதன் எண்கள் எஞ்சின.

இவ்விரு வரிசைகளும் 2014இல், யுனிகோட் எனப்படும் ஒருங்குறியின் 7.0 பதிப்பில், ஒருங்கே இடம்பெற்றன. ஆனால் ஒரே இடத்திலன்று. லித் இலக்கம் சிங்கள எழுத்துகளுக்குரிய மூலத் தொகுதியினுள் அமர்ந்தது. சிங்கள இலக்கத்தின் 20 குறிகளோ முதல் 65,536 இடங்களுக்கு அப்பாலுள்ள துணைத்தளத்திற்குச் சென்றன. பழைய மென்பொருள்கள் பல அத்தளத்தை அறியா. அங்கு வைக்கப்பட்ட குறி அவற்றில் வெற்றுக் கட்டமாகவே தோன்றும்.

இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ள எண்முறையை நோக்கவேண்டும். தமிழ், தேவநாகரி முதலிய தொகுதிகளில் தசம இலக்கங்களுக்கென அடுத்தடுத்துப் பத்து இருக்கைகள் உள்ளன. லித் இலக்கத்தில் பூச்சியம் உண்டு. அது இடமதிப்பு முறையைச் சார்ந்தது. எனவே அவ்விருக்கைகளில் அது இயல்பாகப் பொருந்திற்று. சிங்கள இலக்கத்தில் பூச்சியம் இல்லை. 10, 20, 30 ஆகியவற்றுக்கும் 100, 1000 ஆகியவற்றுக்கும் தனித்தனிக் குறிகள் உள்ளன. அதனைப் பத்து இருக்கையில் அடக்குதல் இயலாது.

செய்நிரல் மொழிகளின் ஒத்திசைவு நூலகங்களை ஆக்குவோரும் இதே வினாவை எதிர்கொள்கின்றனர். மொழியின் புதிய பதிப்பில் தோன்றிய சார்பொன்றைப் பழைய பதிப்பிலும் இயங்கச் செய்வதே அந்நூலகங்களின் பணி. புதிய சார்பும் பழையதும் முற்றும் ஒத்தியங்குமாயின் மூலப்பெயரிலேயே வழங்கலாம். சிறிதேனும் வேறுபடுமாயின் வேறு பெயரில், வேறிடத்தில் வைத்தலே தகும். 2018இல் ஜாவாஸ்கிரிப்ட் மொழி ‘ஃபிளாட்டன்’ எனும் பெயரைக் கைவிட்டு ‘ஃபிளாட்’ என்பதை ஏற்றது. மூடூல்ஸ் எனும் பழைய நூலகம் முற்பெயரை ஏற்கெனவே கையாண்டமையே காரணம்.

தமிழுக்கு வருவோம். 1991இல் 10, 100, 1000 ஆகியவற்றின் குறிகள் இடம்பெற்றன. பூச்சியத்தின் இருக்கை 2005 வரை வெறுமையாகவே கிடந்தது. நிலவரியிலும் வாணிபக் கணக்கிலும் பயின்ற மா, காணி, முந்திரி முதலிய பின்னக் குறிகள் 2019இலேயே, அதுவும் துணைத்தளத்திலேயே, இடம்பெற்றன. 2010இல் 26 கிரந்தக் குறிகளைத் தமிழோடு சேர்க்கும் முன்மொழிவு தமிழகத்தில் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. எதிர்த்தோருட் பலர் மொழித்தூய்மையை முன்னிறுத்தினர். அது வலுவற்ற வாதம்; ஜ, ஸ, ஹ இன்றிக் கண்டித் தெருவொன்றின் பெயர்ப்பலகைகளைக்கூட எழுத இயலாது. தமிழைக் கையாளும் செய்நிரல் ஒவ்வொன்றும் வழக்கிலில்லாத எழுத்துகளையும் தமிழெனக் கணிக்க நேரும் என்பதே வலுவான வாதம். ஈற்றில் கிரந்தம் 2014இல் தனித்தொகுதி பெற்றது.

ஒருமுறை வைத்த குறியை அகற்றுவதோ இடம்மாற்றுவதோ இல்லை என்பது ஒருங்குறியின் விதி. பெயரும் அவ்வாறே. 1988ஆம் ஆண்டின் இந்தியத் தரத்தைப் பின்பற்றி நமது ஃ ‘தமிழ் விசர்க்கம்’ எனப் பதிவாயிற்று. வடமொழி இலக்கணத்தின் கண்கொண்டு இடப்பட்ட அப்பெயரை இன்று மாற்றவியலாது. பட்டியலில் அதன்கீழ் ‘ஆய்தம்’ என்றொரு குறிப்பு மட்டும் சேர்க்கப்பட்டுள்ளது.