யூரோராக் சட்டகம்

யூரோராக் சட்டகம் என்பது சிந்தசைசர் தொகுதிகளைத் தாங்கி, அவற்றுக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி ஆகும். ஒவ்வொரு தொகுதியும் ஒலியலையை உருவாக்குதல், வடிகட்டுதல் போன்ற தனிப்பணி ஒன்றைச் செய்யும். இவ்வடிவத்தை செருமனியின் டோப்ஃபர் நிறுவனம் 1990களின் நடுப்பகுதியில் தனது ஏ-100 வரிசைக்காக வகுத்தது.

அளவுகள்

தொகுதியின் முகப்புத் தகடு 128.5 மிமீ உயரமுடையது. அகலத்தின் அலகு எச்.பி. (5.08 மிமீ) ஆகும். 19 அங்குலச் சட்டகத்தின் ஒரு வரிசையில் 84 எச்.பி. இடம் உண்டு. ஆழம் தொகுதிக்குத் தொகுதி வேறுபடும்; ஆழம் குறைந்த பெட்டியில் சில தொகுதிகள் பின்னுள்ள மின்பலகையில் இடிக்கும்.

மின்வழங்கி

சட்டகத்தைப் பலரும் அகலத்தை மட்டும் பார்த்துத் தேர்கின்றனர். உண்மையில் மின்னோட்டமே முதலில் கணக்கிடத்தக்கது. தொகுதிகள் +12, -12 வோல்ட்டுகளையும், சில +5 வோல்ட்டையும் பயன்படுத்துகின்றன. மூன்றையும் தனித்தனியே கூட்ட வேண்டும். எடுத்துக்காட்டாக, +12 வோல்ட்டில் 80 மில்லிஆம்பியர் கொள்ளும் பத்துத் தொகுதிகளுக்கு 800 மில்லிஆம்பியர் தேவை. இயக்கும் கணத்தில் மின்னோட்டம் கூடுமாதலால் 1000 மில்லிஆம்பியர் வழங்கி பொருத்தமானது. இடமிருந்தும் மின்னோட்டம் போதாத பெட்டியில் சில தொகுதிகள் தொடங்காமலே போகலாம்.

பொருத்துதல்

மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரே தொகுதிகளைப் பொருத்த வேண்டும். பட்டைக் கம்பியின் சிவப்பு விளிம்பு வழக்கமாக -12 வோல்ட்டைக் குறிக்கும். பலகையிலும் தொகுதியிலும் உள்ள குறியீடுகளைச் சரிபார்ப்பது இன்றியமையாதது; தலைகீழாகச் செருகினால், காப்புச் சுற்று இல்லாத தொகுதி நொடியில் எரிந்துபோகக்கூடும். வீட்டு மின்சாரத்தை நேரடியாக ஏற்கும் வழங்கியைத் தாமே அமைப்பது புதியவர்களுக்கு உகந்ததன்று. அவர்களுக்கு வெளி அடாப்டருடன் கூடிய சட்டகமே பாதுகாப்பானது.