விருப்பப்படி அலங்கரிக்கும் முன்

பழம்பாணித் தோற்றமுடைய தொடக்கநிலை மோட்டார் சைக்கிள்களுள், 2022இல் அறிமுகமான 349 சிசி ராயல் என்ஃபீல்டு ஹன்டர் 350 குறிப்பிடத்தக்கது. தம் ரசனைக்கேற்ப அதனை மாற்றியமைக்க இளைஞர் பலர் விரும்புகின்றனர். இருக்கை உறை, கைப்பிடி, பக்கப் பை போன்றவற்றைத் தயக்கமின்றி மாற்றலாம். வண்ணத்தை மாற்றினால் பதிவுச் சான்றிதழிலும் திருத்தம் தேவை. பதிவு விவரங்களுக்கு முரணாக எஞ்சினையோ சட்டகத்தையோ மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது.

கூடுதல் பொருத்துதல்களைக் காப்பீட்டு நிறுவனத்திடம் தெரிவித்து, உரிய பிரீமியம் செலுத்துங்கள். தெரிவிக்காத மாற்றத்தால் விபத்தின்போது இழப்பீடு மறுக்கப்படலாம். அப்போதும் கடன் தவணை நிற்காது. கடன் தீரும்வரை வண்டி வங்கிக்கு ஈடாக இருப்பதால், பெரிய மாற்றங்களுக்கு முன் எங்கள் கிளையை அணுகுமாறு அன்புடன் வேண்டுகிறோம்.