ஒரு வரியின் பெறுமதி

தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் பிரசவ விடுதி வாசலில், பிளாஸ்க்கும் கையுமாக நிற்கும் அம்மாமாரை எப்போதும் பார்க்கலாம்.

"பிள்ளை, ஒரு மிடறு தேத்தண்ணி எண்டாலும் குடுக்கலாமோ?"

"வேண்டாம் அம்மா. சீசருக்கு எடுக்கப் போகினம்."

எங்கள் பாட்டிமாருக்கு இந்தத் தடை இல்லை. வீட்டிலே மருத்துவிச்சியின் கையில் பிள்ளை பிறந்தது. மயக்க மருந்தே கிடையாது. எடின்பரோவில் வைத்தியர் சிம்சன் பிரசவ வலிக்குக் குளோரோபோம் கொடுத்தது 1847இல். அதே ஆண்டில்தான் அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் இருந்தபடி 1857இல் பிரசவ வைத்திய நூலொன்றைத் தமிழில் தந்தார். ஆனாலும் தாய் இறந்தால் "சன்னி கண்டு போனாள்" என்பதோடு ஊர்ப்பேச்சு முடிந்தது. ஏன் போனாள் என்று எழுதி வைக்க ஆளில்லை.

மயக்க மருந்து வலியைப் போக்கியது, புதிய ஆபத்தொன்றையும் கொண்டுவந்தது. கர்ப்பத்தில் இரைப்பை மேல்நோக்கி நெருக்கப்படுகிறது, அதன் வாயும் தளர்கிறது. முழு மயக்கத்தில் இருமவும் முடியாது. இரைப்பையில் உள்ளது தொண்டைக்கு ஏறி நுரையீரலுக்குள் இறங்கினால், அந்தப் புளித்த நீர் நுரையீரலை வேகவைத்துவிடும். நியூயோர்க்கில் 44,016 பிரசவங்களின் பதிவுகளைப் புரட்டிய மகப்பேற்று வைத்தியர் மெண்டல்சன், அப்படி 66 பேருக்கு நேர்ந்ததை 1946இல் எழுதினார். திடஉணவு அடைத்து மூச்சுத்திணறி இறந்தவர்கள் இருவர். பிளாஸ்க்கை மூடிவைக்கச் சொல்வது அந்தக் கணக்குத்தான்.

இன்று அந்த விபத்துக்குக் குறியீடுகள் உண்டு. நோய்களை வகைப்படுத்தும் சர்வதேசப் பட்டியலான ஐ.சி.டி.யின் பத்தாம் பதிப்பில், பிரசவ வேளையில் மயக்க மருந்தால் நேர்ந்தால் ஓ 74.0, அதற்கு முன் கர்ப்பகாலத்தில் என்றால் ஓ 29.0, பிள்ளை பிறந்த பிறகு என்றால் ஓ 89.0. பதிவுகளைப் பார்த்து இந்தக் குறியீட்டை இடுபவர் நோயாளியைக் கண்டதில்லை. அவர் கையில் இருப்பது பி.எச்.ரி. எனும் நோயாளியின் கட்டில் குறிப்பேடு மட்டும். அதில் களைத்துப்போன இளம் வைத்தியர் "நிமோனியா" என்று மட்டும் எழுதியிருந்தால், அது ஜே 18.9 ஆகி, சளிக்காய்ச்சலோடு வந்த கிழவர்களின் கணக்கில் சேர்ந்துவிடும். தாயும் மறைகிறாள், மயக்க மருந்தும் மறைகிறது. பழைய "சன்னி"க்கும் இந்த "நிமோனியா"வுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இப்போது பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு, தாய் விழித்திருக்கவே சத்திரசிகிச்சை நடக்கிறது. அதனால் இந்த விபத்து மிக அரிது. அரிதானது ஒன்று தவறினாலும் கணக்கே பொய்த்துவிடும்.

வைத்தியத் தம்பி தங்கைமாரே, என்ன நடந்தது, எப்போது, எதனால் என்று அந்த ஒரு வரியை முழுதாக எழுதுங்கள். தாய்மாரே, வீட்டுக்கு விடும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட்டைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த பிள்ளைப்பேற்றின்போது மயக்க மருந்து வைத்தியரிடம் அதை முதலில் காட்டுங்கள்.