பொட்டலமும் பத்திரமும்: பேராக் தோட்டக் குடும்பங்களிடையே சமுதாய உதவிப் பணி

வறிய குடும்பங்களுக்கு உதவும் சமுதாய அமைப்பு என்றவுடன் மலேசியத் தமிழர் பலருக்கும் நினைவில் எழுவது, தீபாவளிக்கு முன் வழங்கப்பெறும் அரிசி, எண்ணெய், மாவு அடங்கிய பொட்டலமே ஆகும். ஈப்போவின் புந்தோங், குனோங் ராப்பாட் பகுதிகளிலும், சுங்கை சிப்புட், செம்மோர் வட்டாரங்களில் பழைய ரப்பர்த் தோட்டங்களை விட்டு வெளியேறியோர் வாழும் குடியிருப்புகளிலும் இவ்வுதவியை வேண்டி நிற்போர் உளர். பசித்தவரிடம் பத்திரத்தைப் பற்றிப் பேசுதல் முறையன்று. எனினும், ஓர் அமைப்பின் பயனை அளவிட வேண்டுமாயின், அது விலகிச் சென்ற பின்னர் அக்குடும்பத்தின் பெயரில் என்ன எஞ்சுகிறது எனக் கேட்பதே தக்கது என நாம் கருதுகிறோம்.

இவ்வினாவுக்குத் தோட்ட வாழ்வின் அமைப்பே காரணமாகும். லயத்து வீடு, குடிநீர், ஆயாக்கொட்டகை, மருந்தகம் ஆகிய அனைத்தும் நிருவாகத்தின் உடைமைகளாக இருந்தன. வேலை உள்ளவரை வீடு இருந்தது. வேலை போனால் வீடும் போயிற்று. 1950களில் ஐரோப்பிய நிறுவனங்கள் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது இந்நிலையின் கொடுமை வெளிப்பட்டது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது இதற்கான எதிர்வினையே. தொழிலாளர் மாதம் 10 வெள்ளி செலுத்திப் பங்குதாரராயினர். திரண்ட நிதியைக் கொண்டு தோட்டங்கள் வாங்கப்பட்டன. இச்சங்கம் அறநிலையம் அன்று. ஆயினும் பால்மரம் வெட்டியவர் கையில் அவர் பெயரிலேயே ஒரு பங்குப் பத்திரத்தை அது வைத்தது. பிற்காலத்தில் ரப்பர் செம்பனைக்கு இடமளித்தது, ஈப்போவை அடுத்த நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின, குடும்பங்கள் சிதறின.

அவ்வாறு நகருக்கு வந்த குடும்பங்களுள் சில, அடையாள அட்டையோ பிறப்புப் பத்திரமோ இன்றி வந்தன. இதனை அறியாமையின் விளைவு என ஒரே சொல்லில் முடித்துவிடுவோர் உளர். அது முழு உண்மையன்று. விடுதலைக்கு முன் பிறந்தோரும் இந்தியாவிலிருந்து வந்தோரும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. விண்ணப்பிக்காதோர் நிரந்தரவாசிகளாகச் சிவப்பு அடையாள அட்டையுடன் நின்றனர். வேலை அனுமதிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 1969ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர் தாயகம் திரும்பினர். விடுதலை நாள் தொடங்கி 1962 செப்டம்பர் இறுதிவரை இந்நாட்டில் பிறந்த குழந்தை பிறப்பாலேயே குடிமகன் ஆனது. அதன் பின்னர்ப் பிறந்த குழந்தைக்குப் பெற்றோரின் தகுதியும் தேவைப்பட்டது.

திருமணப் பதிவு இதனோடு பிணைந்த மற்றொரு முடிச்சு. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணமுறிவுச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்தது. அன்று முதல் கோவிலில் தாலி கட்டினாலும் பதிவு கட்டாயமாயிற்று. ஊரறிய நடந்த திருமணத்துக்குப் பத்திரம் எதற்கு எனப் பலர் எண்ணினர். பதிவு இல்லையெனில் குழந்தை சட்டத்தின் பார்வையில் தாயின் தகுதியையே பெறும். தந்தை நீல அடையாள அட்டை உடையவராயினும், தாயிடம் எவ்வகை ஆவணமும் இல்லையெனில் குழந்தை நாடற்றதாகிவிடுகிறது. இதில் வருந்தத்தக்கது யாதெனில், குழந்தைக்குப் பிறப்புப் பத்திரம் கிடைத்துவிடுவதே. அதில் ‘குடிமகன் அல்லர்’ எனக் குறிக்கப்பட்டிருப்பதைக் கவனியாத பெற்றோர், பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுக்கச் செல்லும்போதுதான் செய்தியை அறிகின்றனர்.

இங்குதான் அமைப்புகளின் உண்மையான பணி தொடங்குகிறது. 1997இல் தோன்றிய சமூக வியூக அறவாரியம் ஆவணச் சிக்கல்களைக் கையாண்டது. 2011 பிப்ரவரியில் அரசே ‘மைடஃப்தார்’ என்னும் பதிவு இயக்கத்தை இந்தியர்களுக்கென நடத்தியது. 2014 முதல் தீரா மலேசியா அமைப்பு, ஐ.நா. அகதிகள் ஆணையத்துடன் இணைந்து தீபகற்பத்தில் நாடற்றோரைக் கண்டறிந்து பதிவு செய்யும் பணியை மேற்கொண்டது. சுங்கை சிப்புட் பகுதியில் செயற்பட்ட ‘அலைகள்’ வேறு வழியில் சென்றது. அது மனு எழுதித் தருவதோடு நில்லாமல், தோட்டத் தொழிலாளரையும் புறம்போக்குக் குடியிருப்பினரையும் வெளியேற்றத்துக்கு எதிராக ஒன்றுதிரட்டியது. இவ்விரு வழிகளுள் எது சிறந்தது என்னும் வாதம் நம்மிடையே அடிக்கடி எழுகிறது. ஒன்றில்லாமல் மற்றொன்று நெடுந்தொலைவு சென்றதில்லை என்பதே நம் கணிப்பு.

ஆவணப் பணி பொறுமையைச் சோதிப்பது. குழந்தை இங்குதான் பிறந்தது என்பதை மெய்ப்பிக்க மருத்துவமனை அட்டை, பள்ளிப் பதிவேடு, தோட்டத்துச் செக்ரோல், பிரசவம் பார்த்த மருத்துவச்சியின் சத்தியப் பிரமாணம், பழைய திருமண அழைப்பிதழ் முதலிய யாவும் தேடப்படுகின்றன. தோட்டம் மூடப்பட்டபின் அலுவலக ஏடுகள் எங்குப் போயின என்று சொல்ல எவருமில்லை. மருத்துவச்சிகளும் மறைந்து வருகின்றனர். தேசியப் பதிவு இலாகாவுக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் நாட்கூலி பெறும் தாய்க்கு ஒரு நாள் ஊதியம் போகிறது. தொண்டர் ஒருவர் அவருடன் சென்று, படிவத்தின் மலாய் வாசகத்தை விளக்கி, அடுத்த முறை கொண்டுவர வேண்டியதைக் குறித்துக் கொடுத்தால், நான்கு பயணங்கள் இரண்டாகக் குறையும். பேருந்துக் கட்டணத்தை அமைப்பு ஏற்றுக்கொள்வது சிறிய செலவே. ஆனால் நன்கொடையாளர் படமெடுத்து மகிழ்வதற்கு அதில் ஒன்றுமில்லை.

அரசியலமைப்பின் 15ஏ பிரிவு, சிறப்புச் சூழல்களில் 21 வயதுக்குட்பட்டோரைக் குடிமக்களாகப் பதிந்துகொள்ள அரசுக்கு அதிகாரமளித்து வந்தது. 2024இல் நாடாளுமன்றம் ஏற்ற திருத்தம் இவ்வயது வரம்பை 18ஆகக் குறைத்தது. பன்னிரண்டு வயதில் சிக்கலை அறியும் குடும்பத்துக்கு முன்னர் ஒன்பது ஆண்டுகள் இருந்தன. அத்திருத்தத்தின்படி ஆறு ஆண்டுகளே உள்ளன. ஒரு விண்ணப்பத்துக்கு விடை வரவே சில ஆண்டுகள் கழிந்துவிடுவதுண்டு. ஆதலின், பேராக் மாநிலத் தமிழ்ப்பள்ளிகளில் முதலாம் ஆண்டு மாணவர் பதிவின்போதே, பெற்றோர் சங்கமும் உள்ளூர் அமைப்பும் இணைந்து பிறப்புப் பத்திரத்தின் அந்த ஒரு வரியைப் படித்துப் பார்க்கலாம். அதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. ஒரு மேசையும், மலாய் அறிந்த ஒருவரும், ஒரு காலைப் பொழுதும் போதும்.