679 கிலோவைக் கரையேற்றும் கொக்கி

1979-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியா கடலில் தூண்டிலில் சிக்கிய நீலத்துடுப்புச் சூரை 679 கிலோ இருந்தது. தூண்டிலில் பிடிபட்ட சூரைகளில் அதுதான் உலகச் சாதனையாகப் பதிவானது. ஆனால் நீருக்குள் இருக்கும்வரை இவ்வளவு பாரமும் தெரியவே தெரியாது. மீனுடலின் அடர்த்தி ஏறக்குறையக் கடல்நீரின் அடர்த்திதான்; பாரத்தைக் கடலே சுமந்துகொள்கிறது. படகோரம் வந்த மீனை நீண்ட கழியின் நுனியிலுள்ள பெரிய கொக்கியால் குத்திப் பிடிக்கும்போது, அதை எதிர்த்து நிற்பது வால்.

அந்த வாலின் பலத்துக்குக் காரணம் வியப்பானது. செவுளில் குளிர்ந்த இரத்தமும் தசையில் சூடேறிய இரத்தமும் நுண்குழாய்ப் பின்னலில் எதிரெதிராக ஓடுகின்றன. சூடு வெளியேறாமல் குளிர்ந்த இரத்தத்துக்கு மாறி மறுபடி தசைக்கே திரும்புகிறது. அதனால் குளிர்கடலிலும் சூரையின் தசை சுறுசுறுப்பாக இயங்கும்.

இந்த வாலுக்கு ஈடுகொடுக்க எப்படிப்பட்ட கொக்கி வேண்டும்? வாய் அகன்றால் தடித்த உடலைக் கவ்வலாம். ஆனால் அகலம் கூடக்கூட, இழுவிசை வளைவிலிருந்து விலகி நின்று கொக்கியை விரித்துவிடப் பார்க்கும். அதற்கு மருந்து கம்பியின் தடிமன். உருண்டைக் கம்பியின் விட்டத்தை இரட்டித்தால், வளைக்கும் விசையைத் தாங்கும் திறன் 8 மடங்காகிறது! கடையில் பலரும் கைப்பிடியின் பளபளப்பைப் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது கம்பியின் தடிமனையும், அது கழியோடு சேரும் இடத்தையும்தான். கழி உள்ளீடற்ற குழாயாக இருப்பதில் தவறில்லை. வளையும்போது பாரத்தை ஏற்பது பெரும்பாலும் வெளிப்பகுதிதான். மூங்கில் எடை குறைந்தும் உறுதியாக நிற்பது அதனால்தான்.

ஆனால் மிகப் பெரிய சூரைக்கும், உருண்டு புரளும் சுறாவுக்கும் எந்தக் கழியும் போதாது. மீன் திருகினால் கழியும் திருகும்; பிடித்திருப்பவரின் மணிக்கட்டு முறியலாம், ஆளே கடலில் விழலாம். இதற்காகவே கழலும் கொக்கி இருக்கிறது. குத்தியதும் கொக்கி கழியைவிட்டுப் பிரிந்துவிடும். அதில் கட்டிய கயிற்றின் மறுமுனை படகில் இருக்கும். கயிறு இழுப்பைத் தாங்கும், திருகலை யாருடைய கைக்கும் கடத்தாது. சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் விதிப்படி கழியும் கொக்கியும் சேர்ந்த கருவியின் நீளம் 2.44 மீட்டரையும், கழலும் கொக்கியின் கயிறு 9.14 மீட்டரையும் தாண்டக்கூடாது. தாண்டினால் பிடித்த மீன் சாதனைக் கணக்கில் சேராது.