எண்பதுகளைத் தேடிய திரைப்படம்

பெற்றோரின் பழைய ஒளிப்படத் தொகுப்பைப் புரட்டும்போது பலருக்கும் சிரிப்பு வரும். தோள்பட்டை அகன்ற சட்டைகளும் ஊதிப் பெருத்த தலைமுடியும் அன்று நாகரிகம், இன்று வேடிக்கை. எனினும், அந்தச் சிரிப்போடு ஓர் ஏக்கமும் சேர்ந்தே எழுகிறது. கடந்த காலத்தை எண்ணி ஏங்கும் இவ்வுணர்வு பல திரைப்படங்களுக்குக் கருப்பொருளாகியுள்ளது. 1998ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'த வெட்டிங் சிங்கர்' என்னும் காதல் நகைச்சுவைப் படம் அவற்றுள் ஒன்று.

பிராங்க் கொராசி இயக்கிய இப்படத்தின் கதை 1985ஆம் ஆண்டில் நடக்கிறது. ஆடம் சாண்ட்லர் ஏற்று நடித்த ராபி, திருமண விருந்துகளில் பாடும் பாடகர். தம் சொந்தத் திருமணத்தன்று மணப்பெண் வராமற்போனதால் அவர் மனமுடைகிறார். பின்னர், விருந்துகளில் உணவு பரிமாறும் ஜூலியாவின் நட்பு அவருக்குக் கிடைக்கிறது. ஜூலியாவோ கிளென் என்னும் செல்வந்தருக்கு நிச்சயிக்கப்பட்டவர். அவரின் திருமண ஏற்பாடுகளுக்கு ராபி உதவும்போது இருவருக்குமிடையே காதல் மலர்கிறது.

படம் வெளிவந்தபோது கதை நிகழும் காலம் 13 ஆண்டுகளே பழையது. அதற்குள் ஏன் இந்த ஏக்கம்? 1985இல் பதின்ம வயதில் இருந்தவர்கள், 1998இல் முப்பது வயதை ஒட்டியிருந்தனர். வேலை, குடும்பம் எனப் பொறுப்புகள் கூடிய அவர்களுக்கு, இளமையில் கேட்ட பாடல்கள் அந்நாளை மீட்டுத் தந்தன. எனவேதான், படம் முழுவதும் எண்பதுகளின் பாடல்கள் ஒலிக்கின்றன. அக்காலத்தில் புகழ்பெற்ற பாடகர் பில்லி ஐடல், படத்தில் தாமாகவே தோன்றுகிறார்.

கதாபாத்திரங்கள் அறியாததைப் பார்வையாளர்கள் அறிந்திருப்பதும் நகைச்சுவைக்குத் துணைபுரிகிறது. கிளென் டெலோரியன் மகிழுந்தில் பெருமையுடன் வலம்வருகிறார். ஆனால், அதைத் தயாரித்த நிறுவனம் 1982ஆம் ஆண்டிலேயே நொடித்துப்போய்விட்டது!

கதையின் திருப்பமும் அக்காலத்தோடு பிணைந்ததே. 1983இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த கைத்தொலைபேசியின் விலை ஏறத்தாழ 4,000 டாலர். சாதாரண மக்கள் வீட்டுத் தொலைபேசியையே நம்பியிருந்தனர். ஒருநாள், மணக்கோலத்தில் கண்ணாடிமுன் நிற்கும் ஜூலியா, தம் பெயரோடு ராபியின் குடும்பப் பெயரைச் சேர்த்துச் சொல்லி மகிழ்கிறார். வெளியிலிருந்து பார்க்கும் ராபிக்கு அவரின் புன்னகை மட்டுமே தெரிகிறது. அது கிளெனுக்கானது என்றெண்ணி அவர் திரும்பிவிடுகிறார். இன்றாக இருந்தால் ஒரு குறுஞ்செய்தி போதுமே என நமக்குத் தோன்றலாம். ஆனால், கதவு அருகிலேயே இருந்தும் ராபி அதைத் தட்டவில்லை. குறையாக இருந்தது கருவியன்று, கேட்கும் துணிவு. இறுதியில், அவர் விமானமேறிச் சென்று, நேரில் பாடித் தம் மனத்தைத் திறக்கிறார்.

இத்தகைய படங்கள் கடந்த காலத்தை முழுமையாகக் காட்டுவதில்லை. இனியவற்றைப் பொறுக்கியெடுத்தே காட்டுகின்றன. இருப்பினும், பணத்தைப் பெரிதாக மதித்த அக்காலத்தின் போக்கை இப்படம் மறைக்கவில்லை. கிளெனுக்கு ஈடாக வேண்டுமென்று ராபி வங்கியில் வேலை தேடுகிறார். அது ஜூலியாவை வருத்துகிறது. மறுபுறம், ராபியிடம் பாட்டுக் கற்கும் மூதாட்டி, இறைச்சி உருண்டைகளையே கட்டணமாகத் தருகிறார். பழைய பொருள்களைக் கண்டு சிரிக்கும் பார்வையாளர்களின் நெஞ்சில், அந்த மூதாட்டியின் அன்பும் நேரில் சென்று பேசிய ராபியின் துணிவும் நிலைத்துநிற்கின்றன.