பார்த்தால் வந்துவிடுமா வால்ட்ஸ்?

மைக்கேல் ஜாக்சன் பிரபலமாக்கிய மூன்வாக் நடையைக் காட்டும் ஆறு விநாடி வீடியோ. அதைச் சிலருக்கு ஒரே ஒரு முறை போட்டுக் காட்டினார்கள். வேறு சிலருக்கு இருபது முறை. பிறகு, "நீங்கள் ஆடினால் எந்த அளவுக்கு வரும்?" என்று கேட்டார்கள். இருபது முறை பார்த்தவர்கள் தங்களுக்கு நன்றாகவே வரும் என்று நம்பினார்கள். ஆடவிட்டுப் பார்த்தால், ஒரு முறை பார்த்தவர்களைவிட அவர்கள் ஒன்றும் மேலாக ஆடிவிடவில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கர்தாஸ், எட் ஓ'பிரையன் இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு இது. டார்ட் எறிவதிலும் இதே கதைதான். பார்க்கப் பார்க்கத் தைரியம் வளர்ந்தது. திறமை இருந்த இடத்திலேயே இருந்தது.

யூடியூப் பார்த்து பால்ரூம் நடனம் பழகிவிடலாம் என்று இறங்குகிறவர்களுக்கு இந்த ஆய்வு முதல் எச்சரிக்கை. மூன்வாக் தனியாக ஆடுவது. பால்ரூமில் இரண்டு உடல்கள் ஒன்றாக நகர வேண்டும். அங்கே சிக்கல் இரட்டிப்பாவதோடு நிற்பதில்லை. வேறு ரகமாகவே மாறிவிடுகிறது.

வால்ட்ஸை எடுத்துக்கொள்வோம். முக்கால் தாளம், போட்டிகளில் நிமிடத்துக்கு 30 தாளவட்டம்வரை போகும். அதாவது ஒரு எண்ணிக்கைக்கு முக்கால் விநாடிகூடக் கிடையாது. ஜோடியை வழிநடத்துபவர், அதாவது நடத்துபவர், 'ஒன்று' என்னும்போது இடது காலை முன்னே வைக்கிறார், குதிகால் முதலில் தரையைத் தொடும்படி. 'இரண்டு' என்னும்போது வலது கால் பக்கவாட்டில் போகிறது. உடல் மெல்ல உயரத் தொடங்கிவிட்டது. 'மூன்று' என்னும்போது இடது கால் வந்து சேர்கிறது. இருவரும் முன்பாதத்தில் நிற்கிறார்கள். அந்த எண்ணிக்கை முடியும்போது உடல் தாழ்கிறது. துணையாக ஆடுபவர் இதையே பின்பக்கமாகச் செய்கிறார், வலது காலைப் பின்னே வைத்து.

இவ்வளவையும் எந்த வீடியோவும் காட்டிவிடும். காட்டாதது எடை. நின்ற காலிலிருந்து உடலின் பாரம் எப்போது கிளம்புகிறது, எப்போது புதிய காலுக்குப் போய்ச் சேருகிறது என்பது திரையில் தெரிவதில்லை. ஆனால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. துணை பின்வாங்கிக் காலி செய்யும் இடத்துக்குள்தான் நடத்துபவரின் கால் நுழைகிறது. பாரம் மாறுவது ஒரு நொடியின் சிறு பகுதி தாமதமானாலும் விரல் மிதிபடும்.

பாரம் மாறும் செய்தியை ஒருவருக்கொருவர் எப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள்? கண்ணால் முடியாது. முறையான பிடியில் இருவரும் எதிராளியின் வலது தோளுக்கு மேலாகப் பார்க்கிறார்கள். ஒருவர் காலை மற்றவர் பார்ப்பதே இல்லை. நடத்துபவரின் வலது கை துணையின் இடது தோள்பட்டை எலும்பின் மேல் இருக்கிறது. மறுபுறம் கையோடு கை. இருவர் உடலும் லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும். பேச்செல்லாம் இந்தத் தொடுபுள்ளிகள் வழியாகத்தான் நடக்கிறது. தோலிலும் தசையிலும் மூட்டிலும் உள்ள உணர் நரம்புகள் அழுத்தம் மாறுவதை உடனுக்குடன் பிடித்துவிடும். கண்ணால் கண்டு எதிர்வினை செய்ய ஏறக்குறைய ஐந்தில் ஒரு விநாடி ஆகும். தொடுதலுக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. முக்கால் விநாடிக்குள் ஒரு அடி முடிய வேண்டிய ஆட்டத்தில் அந்தச் சிறு லாபமும் பெரிது.

இதை ஆய்வகத்தில் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஆண்ட்ரூ சாயர்ஸ், லீனா டிங் குழுவினர் இருவரைக் கைகோத்து அடியெடுத்து வைக்கச் செய்து, கைகளுக்கிடையே உள்ள விசையை அளந்து 2017இல் வெளியிட்டார்கள். கிடைத்தது 10 முதல் 30 நியூட்டன். ஒன்றிலிருந்து மூன்று கிலோ எடையைத் தாங்கும் விசை. யாரையும் இழுத்துக்கொண்டு போக இது போதாது. ஆனால் 'இந்தப் பக்கம் போகிறோம்' என்று தெரிவிக்கப் போதும். புதிதாக வருகிற நடத்துபவர்கள் செய்கிற தவறும் இங்கேதான்: சொல்ல வேண்டிய இடத்தில் தள்ளுகிறார்கள்.

ஜப்பானின் தோஹோக்கு பல்கலைக்கழகத்தில் கசுஹிரோ கொசுகே குழுவினர் ஒரு நடன ரோபோவைச் செய்து 2005 அய்ச்சி உலகக் கண்காட்சியில் காட்டினார்கள். துணையாக வால்ட்ஸ் ஆடும் ரோபோ. கால்களுக்குப் பதில் சக்கரம். மனிதர் அடுத்து எந்த அடி வைக்கப்போகிறார் என்பதை இடுப்பில் பொருத்திய விசை உணரி மூலம் அது ஊகித்தது. இயந்திரத்துக்கு ஜோடி நடனம் சொல்லித்தர முயன்ற பொறியாளர்களே தொடுதலைத்தான் நம்பினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பார்ப்பதால் மூளையில் ஒன்றுமே நடக்காதா என்றால், நடக்கிறது. லண்டனில் பியாட்ரிஸ் கால்வோ-மெரினோ குழுவினர் பாலே கலைஞர்களுக்கு நடன வீடியோக்களைப் போட்டுக் காட்டி, அந்த நேரத்தில் அவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். பாலேயில் ஆண்களுக்கென்று சில அசைவுகள், பெண்களுக்கென்று சில. ஒரே கூடத்தில் பயிற்சி எடுப்பவர்கள் என்பதால் எதிர்ப் பாலாரின் அசைவுகளை இவர்கள் தினம் தினம் பார்த்துப் பழகியவர்கள். அப்படியிருந்தும் தாங்கள் ஆடும் அசைவுகளைப் பார்த்தபோதுதான் மூளையின் இயக்கப் பகுதிகள் கூடுதலாக விழித்துக்கொண்டன. 2006இல் வந்த முடிவு இது. ஏற்கெனவே ஆடத் தெரிந்தவருக்கு வீடியோ நிறையத் தரும். ஆடவே தெரியாதவருக்குக் குறைவாகத்தான் தரும். பிரிட்டனில் பிளாக்பூல் நடன விழாவின் இறுதிச் சுற்றைப் பார்க்கும் பத்து வருட ஆட்டக்காரரும், நேற்று ஆரம்பித்தவரும் பார்ப்பது ஒரே வீடியோ இல்லை.

ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் ஆட்டம் சொல்லித்தரும் ஆசை ஒன்றும் புதிதல்ல. ஆர்தர் மரே என்ற அமெரிக்கர் 1920களில் காகிதப் பாதச்சுவடுகளைத் தபாலில் அனுப்பினார். வாங்கியவர்கள் தரையில் பரப்பி அதன்மேல் கால் வைத்துப் பழக வேண்டும். நன்றாக விற்றது. ஆனால் அவர் பெயர் உலகெங்கும் பரவியது பிற்பாடு வந்த நடன ஸ்டூடியோக்களால்; 1938 முதல் அவற்றை உரிமம் கொடுத்து நடத்தினார். பிரிட்டனில் 1922 உலகச் சாம்பியனான விக்டர் சில்வெஸ்டர் இன்னும் துணிச்சல்காரர். போர்க்காலத்தில், 1941இல், பிபிசி வானொலியில் நடனப் பாடம் நடத்தினார். படமே இல்லாமல்! அதைக் கேட்டு எத்தனை ஜோடிகள் நாற்காலியில் இடித்துக்கொண்டனவோ.

இவற்றோடு ஒப்பிட்டால் இன்றைய வீடியோ பொக்கிஷம்தான். அடிகளின் வரிசையை மனப்பாடம் செய்ய, வேகத்தைப் பாதியாக்கிப் பார்க்க, மறந்ததை ராத்திரி பதினொரு மணிக்கு மீட்டுக்கொள்ள இதைவிட வசதி கிடையாது. ஆசிரியரின் முதுகு தெரியும்படி எடுத்த வீடியோவாகத் தேடிக்கொள்வது நல்லது. எதிரே நின்று ஆடுபவரைப் பார்த்தால் இடம் வலமாக மாற்றுவதிலேயே பாதிக் கவனம் போய்விடும். செய்பவரின் கண்கோணத்திலிருந்து காட்டினால் மனிதர்கள் வேகமாக அதைப் பின்பற்றுகிறார்கள் என்பது 2006இல் வந்த இன்னொரு ஆய்வு. எல்லாவற்றையும்விடப் பயனுள்ள வீடியோ நீங்களே உங்களை எடுத்துக்கொள்வது. தோள் தூக்கியிருப்பதும் தலை தரையைப் பார்ப்பதும் ஆடுகிறவருக்குத் தெரியாது; போன் சொல்லிவிடும்.

நேரடி வகுப்பு என்றாலே உசத்தி என்றும் சொல்ல மாட்டேன். ஒவ்வோர் அடிக்கும் திருத்துகிற ஆசிரியர் நல்லது செய்வதாக நினைத்துக் கெடுக்கிறார். கரோலி வின்ஸ்டீன், ரிச்சர்ட் ஷ்மிட் இருவரும் 1990இல் காட்டியது இது: ஒவ்வொரு முயற்சிக்கும் உடனே முடிவு சொல்லப்பட்டவர்களைவிட, பாதி முயற்சிகளுக்கு மட்டும் சொல்லப்பட்டவர்கள்தான் கற்றதைப் பின்னால் நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். எப்போதும் தாங்கிப் பிடித்தால் உடல் தன் தவறைத் தானே உணரப் பழகாது. இன்னொரு ரகமும் உண்டு. இருபது பேரை வரிசையில் நிறுத்தி, முன்னால் நின்று 'ஒன் டூ த்ரீ' மட்டும் எண்ணிவிட்டுப் போகும் வகுப்பு. அது காசு கொடுத்துப் பார்க்கும் வீடியோ. அதில் நிறுத்திப் பார்க்கும் வசதிகூட இல்லை.

அதனால் என் கணக்கு இதுதான். அடிகளும் தாளமும் வீடியோவில் வரும். பிடியும், பாரம் மாற்றுவதும், சொல்வதும் கேட்பதும் இன்னோர் உடலிடமிருந்துதான் வரும். அதுவும் தெரிந்த உடலாக இருக்க வேண்டும். தெரியாத இருவர் வீட்டு ஹாலில் வீடியோ பார்த்துப் பழகினால், இருவர் தவறும் ஒன்றுக்கொன்று பொருந்திப்போய்ச் சரியாகத் தோன்றிவிடும். வேறொருவரோடு ஆடும் அன்றுதான் குட்டு உடையும். ஆகவே ஆரம்பத்தில் சில வாரமாவது நேரில் போய்விட்டு, பிறகு வீடியோவுக்கு வாருங்கள். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

வகுப்பில் பணம் கட்டுவதற்கு முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஆசிரியர் உங்களைப் பிடித்து, உங்களோடு சேர்ந்து ஆடுவாரா? ஆடமாட்டார் என்றால் வீட்டுக்கு வந்து யூடியூபைத் திறங்கள். பணமாவது மிஞ்சும்.